பக்கத்து வீட்டு நாய்நர்ஸ்

யாராவது உதவி கேட்டுப் போய் நின்றால், அந்த மனிசி முதலில் தன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். பிறகுதான் "என்னக்கா?" என்று கேட்பார். பழகாதவர்கள் அதைத் திமிர் என்று நினைத்தார்கள். நானும் கொஞ்சக் காலம் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளில் நாங்கள் ஒக்லண்டில், கிளென்ஃபீல்ட் பக்கம், ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். பக்கத்து வீடு அவருடையது. மலேசியாவில் பிறந்த தமிழ்ப்பெண், என்னைவிடச் சில வயது இளையவர். மிருக வைத்தியசாலை ஒன்றில் நர்ஸாக வேலை. நாய் பூனைக்கும் நர்ஸ் உண்டு என்பதே எங்களுக்கு இங்கே வந்துதான் தெரியும். என் கணவர் அவருக்கு 'நாய்நர்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டார். ஒருநாள் அது அவர் காதிலும் விழுந்துவிட்டது.

"பூனையும் பார்க்கிறேன் அண்ணே. அதையும் சேர்த்துக் கூப்பிடுங்க," என்றார் வேலிக்கு மேலால்.

என் கணவருக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் பெயர் அப்படியே நின்றுவிட்டது. அவருடைய சொந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது.

ஒருநாள் காலையில் எங்கள் கார் எழும்பவில்லை. இரவு முழுக்க லைட்டை அணைக்காமல் விட்டிருக்கிறோம். கணவர் சிநேகிதரோடு வேலைக்குப் போய்விட்டார். மகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் தன் காரை எங்கள் காருக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். காரின் பின்பெட்டியைத் திறந்தார். சிவப்பும் கறுப்புமாக இருந்த பற்றரி வயர்களை எடுத்து என் கையில் தந்துவிட்டுக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"எனக்கு இதெல்லாம் தெரியாது தங்கச்சி. நீங்கள் கொழுவிவிடுங்கோ."

"நான் சொல்றேன், நீங்க மாட்டுங்க. கையை இரும்புல வைக்காதீங்க."

பயத்தில் எனக்கு வேர்த்துவிட்டது. பிள்ளை பள்ளிக்குப் பிந்துகிறாள் என்ற கோபம் வேறு. ஒரு நிமிஷத்தில் அவர் செய்யக்கூடிய வேலையை நான் தடவித் தடவிச் செய்தேன். கார் எழும்பியதும், "ஆச்சு, பசியாறிட்டீங்களா?" என்று ஒன்றும் நடவாதது போலக் கேட்டார். காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதற்கு அவர்கள் ஊரில் அப்படிக் கேட்பார்கள். நான் மகளை ஏற்றிக்கொண்டு காரை எடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு விஷயத்திலும் அப்படித்தான். எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வந்தவர்களை இருத்தி, வேண்டாம் வேண்டாம் என்று கையால் மறைக்க மறைக்கச் சோறு போட்டால்தான் அது உபசாரம். அவர் வீட்டில் சட்டியும் கரண்டியும் மேசையில் இருக்கும். "எடுத்துப் போட்டுக்குங்க" என்று சொல்லிவிட்டுத் தன் சாப்பாட்டுக் கோப்பையோடு உட்கார்ந்துவிடுவார். முதல்முறை போய்வந்த அன்று என் கணவர் பாதிப் பசியோடு திரும்பினார்.

"சாப்பிடக் கூப்பிட்டுப்போட்டு ஒரு கரண்டி போடாத மனிசியை இப்பத்தான் பாக்கிறன்."

"நீங்கள் எடுத்திருக்கலாம்தானே?"

"நானாவே எடுத்துத் தின்ன நான் என்ன, கடைக்கோ போனனான்?"

தெருக்கோடியில் தனியாக இருந்த வெள்ளைக்காரக் கிழவர் ஒருவர் தன் பூனையைத் துவாயில் சுற்றிக்கொண்டு நாய்நர்ஸிடம் வந்ததை நான் பார்த்திருக்கிறேன். பூனையின் காலில் கண்ணாடி கிழித்து இரத்தம். பூனையைப் படியில் வைத்து, கிழவரின் கையில் துணியைக் கொடுத்து, எங்கே அழுத்த வேண்டும், எவ்வளவு இறுக்கிக் கட்டவேண்டும் என்று வாயால் மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். கிழவர் பூனையைத் திட்டினார், துணியைத் திட்டினார், இவரையும் திட்டினார். கடைசியில் கட்டிவிட்டார். அடுத்த கிழமை தன் மரத்து எலுமிச்சம்பழம் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். அதில் பாதி எங்களுக்கு வந்தது. ஊறுகாய் போட்டேன்.

ஏன் இப்படி என்று ஒருநாள் துணி காயப்போடும்போது அவரிடம் கேட்டேன்.

"எங்க கிளினிக்குக்கு வர்றதுல பாதி காடியிலேயே செத்துதான்க்கா வருது," என்றார். கார் என்பதை அவர் காடி என்றுதான் சொல்வார். "தொண்டையில என்னமோ சிக்கியிருக்கும். ரத்தம் ஓடிக்கிட்டிருக்கும். கையை வச்சு அமுக்கியிருந்தா நின்னிருக்கும். தொடப் பயந்து துண்டுல சுத்தித் தூக்கிக்கிட்டு ஓடி வர்றாங்க. நாங்க என்ன பண்றது? துண்டைப் பிரிச்சுப் பார்க்கிறோம், திரும்பச் சுத்திக் கொடுக்கிறோம்."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. ஈரச் சட்டையை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னார்.

இப்படியிருக்க, எங்கள் வீட்டுக்கும் ஒரு நாய் வந்தது. மகள் அழுது அடம்பிடித்து, கைவிடப்பட்ட நாய்களை வைத்திருக்கும் இடத்திலிருந்து கூட்டிவந்த கறுப்பு நாய். சூட்டி என்று பெயர் வைத்தாள். ஊரில் நாய் வாசலோடு நிற்கும். இங்கே மகளின் சிநேகிதிகள் வீடுகளில் நாய் கட்டிலிலே படுக்கிறது. நான் ஒரே ஒரு சட்டம் போட்டேன். நாய் வீட்டுக்குள் வராது, நான் அதைத் தொடமாட்டேன். சாமிப்படத்துக்கு விளக்கு வைக்கிற கை. நாய் வைரவரின் வாகனம் என்பது எனக்குத் தெரியாமலில்லை. மரியாதை வேறு, தொடுவது வேறு.

"பட் ஹீ லவ்ஸ் யூ, அம்மா," என்பாள் மகள்.

"அவர் தூர நிண்டே விரும்பட்டும்."

அந்த நேரத்தில் எங்களுக்கு இங்கே கோயில் கட்டி முடியவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பஜனை நடக்கும். எங்கள் பிள்ளைகள் எல்லோரும் ஒன்றைப் பார்த்து ஒன்று நாய், பூனை, முயல் என்று வளர்க்கத் தொடங்கியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நாய்நர்ஸ், பஜனை முடிந்த கையோடு மிருகங்களுக்கு முதலுதவி சொல்லிக்கொடுக்கிறேன் என்றார். சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம்தானே என்று சனமும் இருந்துவிட்டது.

அதற்கென்று அவரே ஒரு நாய் செய்திருந்தார். பழைய கம்பளிச் சட்டைக்குள் பஞ்சு அடைத்து, நெஞ்சுக்குள் பாண் ரொட்டி சுற்றிவருகிற பிளாஸ்டிக் பை ஒன்றை வைத்து, தோட்டத்துக் குழாயில் ஒரு துண்டு வெட்டி மூக்காகத் தைத்திருந்தார். மூக்கில் ஊதினால் பை உப்பும், நெஞ்சு எழும்பும்.

"வாயை மூடிப் பிடிக்கணும். கழுத்தை நேரா நீட்டணும். மூக்கைச் சுத்தி உங்க வாயை வச்சு ஊதணும். நெஞ்சு எழும்புதான்னு கண் அங்க இருக்கணும்."

சனம் சிரித்த சிரிப்பில் மண்டபத்துக் கண்ணாடி அதிர்ந்தது.

"பிள்ளை, மனிசருக்கே ஊத இஞ்ச ஆளில்லை," என்றார் பின்வரிசையிலிருந்து ஒருவர்.

"என்ர மனிசன் விழுந்தாலும் மூக்கிலதான் ஊதவேணுமோ?" என்று ஒரு பெண் கேட்டார்.

"அண்ணனுக்கு வாயில ஊதுங்க," என்றார் நாய்நர்ஸ். "மூக்கு நாய்க்குத்தான்."

தானும் சிரித்தார். ஆனால் ஒருவரையும் விடவில்லை. முழங்காலில் இருக்க முடிந்த எல்லோரும் ஊதவேண்டும். இதயம் நின்றிருந்தால் நெஞ்சை அமுக்கவேண்டும், துடித்தால் அமுக்கக்கூடாது, மூச்சு மட்டும் கொடுக்கவேண்டும் என்பதை எல்லோர் வாயாலும் சொல்லவைத்தார். "இதெல்லாம் பண்ணாப் பிழைக்குமா?" என்று யாரோ கேட்டதற்கு, "நிறைய நேரம் பிழைக்காது" என்று நேராகச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நல்ல வார்த்தை சொன்னால் என்ன என்று முணுமுணுத்தார்கள். நானும் அந்தத் துணி நாய்க்கு ஊதினேன். கம்பளி மூக்கில் குத்தியது. அது துணிதானே.

புரட்டாதி மாதம் வந்தது. அந்த வருஷம் என் கணவருக்கு ஏழரைச் சனி. அவர் வேலைசெய்த விரி என்ற இடத்துக் களஞ்சியசாலையில் ஆட்களைக் குறைக்கப் போகிறார்கள் என்று பேச்சு. அந்த வேலையை நம்பித்தான் எல்லாம். ஆகவே புரட்டாதிச் சனிக்கிழமைகளில் விரதம் பிடிப்பதாக நேர்ந்தேன். முழுகி, ஒரு நேரம் மட்டும் சமைத்து, எள்ளைக் கறுப்புத் துணியில் சின்னப் பொட்டணியாகக் கட்டி, நல்லெண்ணெயில் நனைத்து எரித்துவிட்டு, காகத்துக்குச் சோறு வைத்த பிறகே நாங்கள் சாப்பிடுவது. இது கோயிலில் செய்கிற காரியம். இங்கே சனீஸ்வரனுக்குச் சந்நிதி ஏது? துணி காயப்போடும் கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லில் அகல் போன்ற மண்சிட்டியை வைத்து, அதில் எரித்தேன். காகமும் இந்த ஊரில் இல்லை. வேலிக்கட்டையில் வைக்கிற சோற்றை மைனாவும் கடற்பறவையும் தின்னும். சனீஸ்வரன் நிலைமையை விளங்கிக்கொள்வார் என்று இருந்தேன்.

அன்றைக்கும் சனிக்கிழமை. கணவர் மேலதிக வேலைக்குப் போயிருந்தார். பொட்டணியைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, காகத்துக்குச் சோறு எடுக்க உள்ளே போனேன். அதற்குள் ஒரு மழைத்தூறல் வந்து போனது. நெருப்பு பாதியில் அணைந்திருக்கிறது. எண்ணெயில் ஊறி, வறுத்த எள் மணக்க, அந்தப் பொட்டணி சிட்டியில் கிடந்திருக்கிறது. மகள் சூட்டியைச் சங்கிலியிலிருந்து அவிழ்த்துவிட்டிருந்தாள்.

"அம்மா! ஹீ ஸ்வாலோட் இட்! ஹீ காண்ட் ப்ரீத்!"

சோற்றுத் தட்டோடு ஓடிவந்தேன். நாய் முன்னங்காலால் வாயைப் பிறாண்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்தது. சத்தம் வரவில்லை. பிறகு பின்கால் மடிந்து புல்லில் விழுந்தது. நாக்கு நீலமாகத் தெரிந்தது. மகள் பக்கத்து வீட்டைப் பார்த்துக் கத்தினாள். நாய்நர்ஸ் வேலியின் உடைந்த பலகை வழியாகவே நுழைந்து வந்தார்.

நான் எழும்பி அவருக்கு இடம் விட்டேன். அவர் அந்த இடத்தில் உட்காரவில்லை. தலைமாட்டில் முழங்காலில் இருந்து, இரண்டு கையாலும் நாயின் வாயை அகலத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"நான் பிடிச்சிருக்கேன், கடிக்காது. விரலை விடுங்க அக்கா. பக்கவாட்டுல கொண்டு போய்க் கொக்கி மாதிரி இழுங்க. உள்ள தள்ளிறாதீங்க."

"நானோ?"

"நீங்கதான்."

மகள் அழுதுகொண்டு நின்றாள். நான் தட்டைக் கீழே வைத்துவிட்டு விரலை விட்டேன். சூடும் வழுவழுப்பும். துணி நுனி தட்டுப்பட்டது, வழுக்கியது, மறுபடி தட்டுப்பட்டது. இழுத்தேன். வந்துவிட்டது. ஆனால் நாய் மூச்செடுக்கவில்லை.

மகளைப் பார்த்து, "அதோட முன்னங்கால் முட்டிக்குப் பின்னால, நெஞ்சுல கை வை," என்றார். "துடிக்குதா?"

"யெஸ். இட்ஸ் பீட்டிங்."

"அப்ப நெஞ்சை அமுக்க வேணாம். மூச்சு மட்டும். அக்கா, ஊதுங்க."

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நெற்றியில் திருநீறு. அவரும் சைவம்தான். அவருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"தங்கச்சி, நான் விரதம்."

"தெரியும்."

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. கடவுள் கோபிக்கமாட்டார் என்று சொல்லவில்லை. வாயைத் திறந்து பிடித்திருந்த கையை மட்டும் எடுத்துவிட்டார். அந்தக் கணத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபம் சொல்ல முடியாது. உனக்கும் ஒரு வாய் இருக்கிறதே, உனக்கு இது தினமும் செய்கிற வேலைதானே என்று நினைத்தேன். நான் பிடிக்கிற விரதம் எனக்காக அல்ல, என் மனிசனின் வேலைக்காக. முறித்தால் அவருக்குத்தான் வரும் என்று நான் முழுதாக நம்பினேன். இன்றைக்கும் விரதத்தை நம்புகிறவள்தான்.

மகள் என்னைப் பார்த்தாள்.

வைரவரே, இது உம்முடைய வாகனம் என்று சொல்லிக்கொண்டு, நாயின் வாயை இரண்டு கையாலும் மூடி, கழுத்தை நீட்டி, மூக்கில் வாயை வைத்து ஊதினேன். நல்லெண்ணெய் வாசம் அடித்தது. நெஞ்சு எழும்பவில்லை. "இன்னும் நல்லா மூடுங்க. காத்து வெளிய போகுது." மறுபடி ஊதினேன். எழும்பியது. விட்டேன், இறங்கியது. ஊதினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. சூட்டியின் உடம்பு ஒருமுறை வெட்டி இழுத்தது. பிறகு என் முகத்துக்கே நேராக இருமியது.

மகள் நாயைக் கட்டிக்கொண்டாள். நான் புல்லில் இருந்தபடி வாயைத் துடைத்தேன்.

"டாக்டர் பார்க்கணும். தொண்டை வீங்கும்," என்று நாய்நர்ஸ் வழக்கம்போலத் தன் கார்ச்சாவியை என் பக்கம் நீட்டினார்.

"ஏலாது தங்கச்சி. நான் இப்ப கார் ஓடினா எங்கையாவது மோதிப்போடுவன்."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு போய்ச் சாரதி ஆசனத்தில் ஏறினார். நாங்கள் அங்கே இருந்த காலத்தில், என் வேலையை அவர் செய்தது அந்த ஒருமுறைதான்.

வைத்தியசாலையில் காத்திருக்கும்போது கேட்டேன்.

"நீங்கள் ஏன் ஊதேல்லை?"

"நான் ஊதியிருந்தா இன்னிக்கு ஒரு நாள் பிழைச்சிருக்கும். திங்கக்கிழமை நான் வேலைக்குப் போயிருவேன். அப்ப யாரு இருக்கா?"

"செத்திருந்தா?"

"செத்திருக்கும். நீங்க ஊதினதுக்கப்புறம் செத்திருக்கும். அதுவும் இதுவும் ஒண்ணு இல்ல லா."

பிறகு மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "விரதம் முறிஞ்சுபோச்சுதோ?"

"அதை என்கிட்டக் கேட்காதீங்க. நாய்க்கு மருந்துன்னாச் சொல்லுவேன். விரதம் உங்களுது. நீங்கதான் சொல்லணும்."

அங்கேயும் விட்டுவிட்டார். ஊரில் என்றால் ஐயரிடம் கேட்டிருப்பேன். இங்கே கேட்க ஒருவரும் இல்லை. வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் வார்த்தேன். பழைய சோற்றைத் தள்ளி வைத்துவிட்டு மறுபடி உலை வைத்தேன். புதிதாக ஒரு பொட்டணி கட்டி, அது எரிந்து சாம்பலாகும் வரை பக்கத்திலேயே நின்றேன். சாப்பிட இருட்டிவிட்டது. என் கணவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாய் இப்ப எப்பிடி?" என்று மட்டும் கேட்டார்.

கதை பரவியது. என் மச்சாள், கணவரின் தமக்கை, தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டார்: "நாயின்ர மூஞ்சையில வாய் வைச்சுப்போட்டுச் சாமி அறைக்குள்ளை போனனீயாம், உண்மையோ?"

"முழுகிப்போட்டுத்தான் மச்சாள் போனனான்."

"என்னவோ. என்ர தம்பிக்கு ஒண்டும் வராட்டிச் சரி."

வருஷம் திரும்பியபோது கணவருக்கு வேலை போய்த்தான் விட்டது. அவரோடு இன்னும் பலருக்கும் போனது. அவர்கள் வீட்டில் நாயும் இல்லை, விரதமும் இல்லை. கொஞ்சக் காலம் கஷ்டப்பட்டோம், பிறகு வேறு வேலை கிடைத்தது. மச்சாள் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசினார். எனக்கு அந்த முடிச்சைப் போட மனம் வரவில்லை.

நாய்நர்ஸ் பிறகு பெர்த்துக்குக் குடிபோய்விட்டார். போவதற்கு முன் மண்டபத்தில் கடைசியாக ஒரு வகுப்பு நடந்தது. அன்று சனம் முன்னைப்போலச் சிரிக்கவில்லை. மற்றவர்கள் எல்லோரும் ஊதி முடிந்த பிறகு, அதுவரை ஊதாமல் முன்வரிசையில் இருந்த வயதான ஐயா ஒருவர் எழும்பினார். எந்த விரதத்தையும் விடாதவர், தேவாரம் பாடுகிறவர், பேரனுக்குப் புதிதாக நாய்க்குட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். மச்சாளும் அங்கே இருந்தார்.

"பிள்ளை, ஒரு கேள்வி. விரத நாளில இதைச் செய்யலாமோ?"

நாய்நர்ஸ் தன் தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகத் தொடங்கினார். பதில் சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐயா காத்துக்கொண்டு நின்றார். நான் சபையில் வாய் திறந்து கதைக்கிறவள் அல்ல. படித்தவளும் அல்ல. இருந்த இடத்திலேயே எழும்பினேன்.

"ஐயா, முதல்ல ஊதுங்கோ. பிறகு முழுகுங்கோ. பிறகு சாமியைக் கும்பிடுங்கோ. நான் அப்பிடித்தான் செய்தனான்."

ஐயா என்னைப் பார்த்தார். நாய்நர்ஸைப் பார்த்தார். அவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குளிக்கிறது பிறகு," என்றார் ஐயா, தனக்குத்தானே சொல்வது போல. பிறகு சால்வையைக் கதிரையில் போட்டுவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்காலைப் பிடித்தபடி துணி நாய்க்குப் பக்கத்தில் மெதுவாகக் கீழே இருந்தார்.